எல்க் ஹேர் கேடிஸ்: முடி சுழலுது, காது அடைபடுது. தப்பு எங்கே?

ஓடைநுரை

வணக்கம். மீன் பிடிக்க எல்க் ஹேர் கேடிஸ்னு ஒரு ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூல், முடி, இறகு வச்சு கேடிஸ் பூச்சி மாதிரி கட்டற பொய்ப்பூச்சி) கட்டறேன். 14 சைஸ் டிரை ஃப்ளை (தண்ணி மேல மிதக்கிற வகை) முள், எண் கூடினா முள் சின்னது. 70 டெனியர் (நூலோட கன அளவு) நூல், இறக்கைக்கு எல்க் மான் முடி. கட்டும்போது மூணு கோளாறு திரும்பத் திரும்ப வருது.

ஒண்ணு, நூலை இறுக்கினதும் முடிக்கத்தை முள்ளோட தண்டைச் சுத்தி அந்தப் பக்கம் உருண்டு போயிடுது. ரெண்டு, கடைசி முடிச்சுக்கு இடமே இருக்கிறதில்ல. முள்ளோட காது (நரம்பு கோக்கிற ஓட்டை) பாதி அடைஞ்சு டிப்பெட் (தூண்டில் நரம்போட மெல்லிய நுனி) நுழையல. மூணு, தண்ணியில பக்கவாட்டில் சாயுது, கொஞ்ச நேரத்தில் முழுகுது.

முடி சரியில்லையா, நூல் சரியில்லையா, இல்ல கைதானா?

நூற்கண்டு

மூணுக்கும் வேர் பெரும்பாலும் ஒண்ணுதான். உடம்பை ரொம்ப முன்னால வரைக்கும் கொண்டுவந்துட்டீங்க.

டப்பிங் (சினிமா டப்பிங் இல்லீங்க, நூலில் திரிக்கிற ரோமம்) முடியிற இடத்தில் ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவு மேலயே முடிக்கத்தையை வச்சா, அடியில் இருக்கிறது பஞ்சு. நூல் இறுகும்போது பஞ்சு அமுங்கும், கத்தை பிடிமானம் இல்லாம உருளும், சரிவில் வழுக்கிக் காதுப் பக்கம் நகரும். முதல் கோளாறும் ரெண்டாவது கோளாறும் ஒரே நொடியில் நடந்து முடிஞ்சுடும்.

ஆரம்பிக்கும்போதே தண்டை நாலு பங்காப் பிரிச்சுக்குங்க. காதை ஒட்டின முன்பங்கு முழுக்க இறக்கைக்கும் தலைக்கும். அங்க டப்பிங் ஒரு இழைகூடப் போகக் கூடாது. காதுக்குப் பின்னால காது நீளத்துக்கு வெறும் கம்பியா விட்டுட்டு, மீதியில் நூலை ஒரே அடுக்கா, நெருக்கிச் சுத்தி வைங்க. வழவழப்பான கம்பியில் முடி நிக்காது, நூல் மேல நிக்கும்.

உடம்பு கட்டுற வரிசை: வளைவுக்கு மேல மெல்லிய தங்க நிறக் கம்பியைக் கட்டி விட்டுடுங்க. டப்பிங்கை நூலில் திரிச்சு, முக்கால் தண்டில் நிறுத்துங்க. ஹாக்கிள் இறகை (நார் கால் மாதிரி நீட்டி நிக்கச் சுத்தற கோழி இறகு) அங்கேயே, அதாவது முன்பக்கத்தில், கட்டணும். அங்கிருந்து பின்னோக்கி அஞ்சாறு சுற்று திறந்த சுருளா வளைவு வரைக்கும் கொண்டுபோங்க. இறகு நுனியைக் கம்பியால ரெண்டு சுற்றில் பிடிச்சு, அதே கம்பியை எதிர்த்திசையில் ஹாக்கிள் நார்களுக்கு நடுவுல அசைச்சு அசைச்சு முன்னால கொண்டு வாங்க. கம்பியைக் கத்தரிக்காம, முன்னும் பின்னும் ஆட்டி முறிச்சா வால் மிச்சமிருக்காது, கத்தரி முனையும் மழுங்காது.

இறகை ஏன் முன்னால கட்டிப் பின்னால ஓட்டணும்னா, இறகோட அடியில் நார் நீளம், நுனியில் குட்டை. இப்படி ஓட்டினா வாலை நோக்கித் தானாவே சிறுத்துப் போகும்.

முள்முனை

நூற்கண்டு அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனா முடியையும் விசாரிக்கணும்.

ஒரு கத்தையை நெருக்கிப் பிடிச்சா தீக்குச்சி கனம் இருக்கணும், 14க்கு அதுதான் கணக்கு. வெட்டி எடுத்தவுடனே நுனியைப் பிடிச்சுக்கிட்டு அடிப்பக்கத்தைச் சின்னச் சீப்பால நாலஞ்சு தடவை வாருங்க. அடிமயிர், குட்டை முடி எல்லாம் உதிரும். நிறைய பேர் ரெண்டு தடவை வாரிட்டு விட்டுடறாங்க. அந்தப் பஞ்சு உள்ள இருந்தா முடி நசுங்காது, நூல் பஞ்சைத்தான் இறுக்குது. சுழலத்தான் செய்யும்.

அடுத்து ஸ்டாக்கர், முடி நுனியைச் சமமாக்கற குழாய். நுனி கீழே இருக்கிற மாதிரி போட்டு, மேஜையில் நாலு தட்டு தட்டினா நுனி ஒரே மட்டத்துக்கு வரும். வராம ஒட்டிக்கிட்டா கத்தை பெருசு, இல்ல குழாயில் நிலைமின்சாரம். குழாய் உள்பக்கத்தை, துணி உலர்த்தற மெஷினில் போடற டிரையர் ஷீட்டால ஒரு தடவை துடைச்சா போதும்.

முடி எங்க கட்டுப்படுதுங்கறதும் முக்கியம். தோல் பக்கம் முடிக்குள்ள காத்து நிறைய, நூல் பட்டா விசிறியா விரியும். நுனிப் பக்கம் அவ்வளவா உள்கூடு கிடையாது. ரொம்ப நீளமான முடியை நுனிக்குப் பக்கத்தில் கட்டினா விரியவே விரியாது, மிதக்கவும் உதவாது. 14க்கு ஏத்த குட்டை முடியைத் தேர்ந்தெடுங்க.

நூல் 70 போதாது. 140 போடுங்க. இறுக்க பயமா இருக்கிறவங்க கையில்தான் முடி சுத்தும்.

நூற்கண்டு

//நூல் 70 போதாது. 140 போடுங்க.//

இதில் ஒத்துக்க மாட்டேன். 14க்கு 140 நூல்னா ஒவ்வொரு சுற்றும் ரெட்டிப்புக் கனம். அவர் ரெண்டாவது கோளாறே தலை நெருக்கம்தான். 10, 8 மாதிரி பெரிய முள்ளில் 140 சரி. 14இல் 70 போதும், முறுக்குத் தெரிஞ்சிருந்தா.

நூல் முறுக்கு பத்தி யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன். தண்டைச் சுத்தி ஒவ்வொரு சுற்று போடும்போதும் நூலுக்கு ஒரு முறுக்கு ஏறுது. இருபது முப்பது சுற்று ஆனதும் தட்டையா இருந்த நூல் கயிறு மாதிரி உருண்டையாயிடும். பாபினை (நூல்கண்டு மாட்டின பிடி) தொங்க விட்டு, மேலிருந்து பார்த்தா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுண்டு சுண்டினா முறுக்கு அவிழ்ந்து மறுபடி பட்டையாகும் (வலதுகைக்காரங்களுக்கு, இடதுகைன்னா மாத்திக்கணும்).

உடம்புக்கு அடித்தளம், தலை முடிச்சு ரெண்டுக்கும் பட்டை நூல் வேணும், கனம் ஏறாது. முடிக்கத்தையைக் கட்டும் அந்த மூணு சுற்றுக்கு மட்டும் பாபினைக் கடிகாரத் திசையில் சுண்டி முறுக்கேத்துங்க. முறுக்கு நூல் ஒரே கோட்டில் உட்கார்ந்து முடிக்குள்ள கடிக்கும். பட்டை நூல் பரவி உட்காரும், கடிக்காது.

கட்டுற விதம்: முடி நுனி முள்ளின் வளைவுக்கு வெளிவிளிம்பு வரை வரணும். அளந்ததும் இடதுகைப் பெருவிரல், ஆள்காட்டி விரல் நடுவில் கத்தையைத் தண்டோட சேர்த்துக் கவ்வுங்க. முதல் ரெண்டு சுற்று தளர்வா, விரலுக்கு நடுவுலயே. மூணாவது சுற்றில் நூலை நேரே கீழ்நோக்கி மெதுவா இழுத்து இறுக்குங்க. முடி விரியும்போதும் இடதுகை பிடியை விடக்கூடாது. அதே கோட்டில் இன்னும் மூணு சுற்று. அதுக்கப்புறம்தான் விரல். நூல் இறுகும்போது கத்தையை எதிர்ப்பக்கமா தள்ளும், அதனால ஆரம்பத்தில் கத்தையைக் கொஞ்சம் நம்ம பக்கமா சாய்ச்சு வச்சா இறுகி முடியும்போது உச்சிக்கு வந்து நிக்கும்.

பிறகு முன்பக்கம் நீட்டிக்கிட்டிருக்கிற முடிக்கட்டைகளுக்குள்ள ரெண்டு சுற்றை ஊடு விட்டு ஓட்டுங்க. கட்டைகளைத் தூக்கிப் பிடிச்சு, அதுக்கு அடியில், காதுக்குப் பின்னால வெறும் கம்பியில் விப் ஃபினிஷ் (நூல் நுனியை அதோட சுற்றுகளுக்கு அடியிலேயே புதைக்கிற கடைசி முடிச்சு) அஞ்சு சுற்று. முடி மேல முடிச்சு போடாதீங்க. கடைசியா கத்தரியைக் காதுக்கு இணையா சாய்ச்சு ஒரே வெட்டு.

இறக்கையிலிருந்து தலை வரை மொத்தம் எத்தனை சுற்றுன்னு எண்ணிப் பாருங்க. தளர்வு 2, இறுக்கம் 4, ஊடு 2, முடிச்சு 5. பதிமூணு. உங்க ஃப்ளையில் முப்பது இருக்கும்னு பந்தயம் வைக்கலாம்.

முள்முனை

பதிமூணு ரொம்ப சிக்கனம். பெரிய டிரவுட் மீன் ரெண்டு கடிச்சா இறக்கை கையோட வந்துடும்.

நூற்கண்டு

சுற்று எண்ணிக்கை இல்ல தம்பி, இறுக்கம்தான் பிடிக்குது. தளர்வா முப்பது போட்டா, மேல் இருபதும் கீழ் பத்து மேல சறுக்கி உட்கார்ந்திருக்கும். இறுக்கி நாலு போட்டா நாலும் கம்பி வரைக்கும் கடிச்சிருக்கும். கூடுதல் உறுதி வேணும்னா இறக்கை கட்டுற முன்னாடி அடித்தள நூலில் வார்னிஷ் ஒரு துளி, ஊசிமுனையில். ஈரத்தோடயே முடியை வைங்க.

நூல் எவ்வளவு இழுப்பு தாங்கும்னு தெரியாம இறுக்க முடியாது. வைஸில் (முள்ளைக் கவ்விப் பிடிக்கிற கருவி) ஒரு வெறும் முள்ளை மாட்டி, பத்து சுற்று போட்டு, வேணும்னே அறுபடற வரைக்கும் இழுத்துப் பாருங்க. அஞ்சு தடவை அறுத்தா, எல்லைக்கு ஒரு மயிரிழை முன்னாடி நிறுத்தறது கைக்குப் பழகிடும். முள்ளும் அந்த இழுப்பில் வளையணும், சத்தமில்லாம திரும்பணும். நூல் புதுசா மாத்தும்போதெல்லாம் இதைச் செய்யுங்க.

மயிற்பீலி

மூணாவது கோளாறை யாரும் தொடலையே: சாயறதும் முழுகறதும்.

சாயறது ஹாக்கிள் விஷயம். ஹாக்கிள் நார் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் (தண்டுக்கும் முனைக்கும் நடு இடைவெளி) போல ஒன்றரை மடங்கு, இது வழக்கமான டிரை ஃப்ளைக்கு. கேடிஸுக்கு அதை விடக் கொஞ்சம் குட்டையா இருந்தா நல்லது, ஏன்னா நிஜக் கேடிஸ் தண்ணிக்கு ஒட்டித்தான் உட்காரும். நீள நார் போட்டா ஃப்ளை பொய்க்கால் மேல நிக்கிற மாதிரி நிக்கும், சின்னக் காத்துக்கே கவிழும். ஹாக்கிள் கேஜில் வளைச்சு அளந்து பார்த்துட்டுத்தான் பறிக்கணும். கண்ணளவில் எடுத்தா எல்லாருமே ஒரு சைஸ் பெருசாத்தான் எடுக்கிறோம்.

அடிப்பக்க நாரை மட்டும் கத்தரியால சின்ன வி வடிவில் வெட்டி விடுங்க. ரெண்டு பக்கமும் காலூன்றி நிக்கும்.

இறக்கை முடி தண்டோட பாதிக்குக் கீழ இறங்கியிருந்தாலும் ஒரு பக்கம் பாரம் கூடும். முன்பக்கத்திலிருந்து, காதுப் பக்கமா பார்த்தா இறக்கை மேல்பாதியில் மட்டும், விசிறி மாதிரி தெரியணும்.

முழுகறதுக்கு மூணு காரணம். டப்பிங் அதிகம், தண்ணியை உறிஞ்சுது. ஹாக்கிள் பெட்டைக்கோழி இறகு. அது மெத்து, தண்ணி குடிக்கும். டிரை ஃப்ளைக்குச் சேவல் இறகுதான், அதுவும் நார் விறைப்பா, பளபளப்பா, அடியில் பஞ்சு குறைவா இருக்கணும். மூணாவது, வார்னிஷ் வழிஞ்சு ஹாக்கிள் அடியில் ஊறி நார் ஒட்டிப் போயிருக்கும்.

டப்பிங் அளவுக்கு ஒரு வழி: போதும்னு தோணறதை எடுத்து, பாதியை வச்சிட்டு, மீதியிலும் பாதியை வச்சிடுங்க. நூலில் திரிச்சா நூல் நிறம் மாறின மாதிரித் தெரியணும், புழு மாதிரி ஆகக் கூடாது. ஒரே திசையில்தான் திரிக்கணும். முன்னும் பின்னும் உருட்டினா திரிச்சதை நீங்களே அவிழ்க்கிறீங்க.

ஓடைநுரை

பெட்டைக்கோழி இறகுதான் போட்டிருக்கேன். இப்ப புரியுது.

மிதப்பு ஜெல் எப்ப தடவறது? ஃப்ளை நனைஞ்ச பிறகா?

மயிற்பீலி

காய்ஞ்ச ஃப்ளைக்கு மட்டும். ஈரத்து மேல ஜெல் தடவினா தண்ணியை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி. விரலில் ஒரு கடுகளவு எடுத்து, தேய்ச்சு உருகித் தண்ணி மாதிரி ஆனதும் முடியிலும் ஹாக்கிளிலும் லேசா. நார் ரெண்டு மூணா ஒட்டிக்கிட்டா அளவு கூடிப்போச்சு.

மீன் பிடிச்ச பிறகு அது வாய் வழவழப்பைத் தண்ணியில் அலசி, துணியில் ஒத்தி, உலர்த்துற பொடி டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஊதிட்டு மறுபடி வீசலாம்.

சிடிசி இறகுக்கு மட்டும் ஜெல் ஆகவே ஆகாது. வாத்தோட எண்ணெய்ச் சுரப்பி பக்கத்து இறகு அது. எண்ணெய் உதவினாலும், முக்கியமா அந்த நுண்ணிய இழைகள் காத்தைப் பிடிச்சுதான் மிதக்குது. ஜெல் பட்டா இழை ஒட்டி, ஈரப் பூனை மாதிரி ஆயிடும். அதுக்குப் பொடி மட்டும்.

சுழிநீர்

டிரை ஃப்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் தலை நெருக்கம்னு நினைச்சுக்காதீங்க. நிம்ஃபிலும் (தண்ணிக்குள்ள முழுகற, பூச்சிக் குஞ்சு மாதிரி ஃப்ளை) இதே கதைதான், தலையில் உலோக மணி இருக்கிறதால மறைஞ்சுக்குது.

மணி வச்ச நிம்ஃபில் மணிக்குப் பின்னால கட்டு எல்லாத்தையும் குவிச்சா, மணி முன்னால தள்ளிக் காதை மூடிடும். முள் 14க்கு 2.8 மி.மீ., 16க்கு 2.5, 12க்கு 3.3 மணி, இதுதான் பரவலான கணக்கு. மணியோட சின்ன ஓட்டை காதுப் பக்கம், அகலமான ஓட்டை பின்பக்கம். பின் ஓட்டைக்குள்ள கட்டோட நுனி நுழைஞ்சு மறையணும். மணி ஆடினா, ஈயமில்லாத கம்பியை அஞ்சாறு சுற்று சுத்தி ஓட்டைக்குள்ள தள்ளி நூலால அணை கட்டுங்க.

டங்ஸ்டனா பித்தளையாங்கற கேள்வி அடுத்து வரும். சுத்த டங்ஸ்டன் அடர்த்தி 19.3, ஈயம் 11.3, பித்தளை 8.5 பக்கம். மணியில் இருக்கிறது கலவைங்கறதால 19.3ஐ விடக் குறையும், ஆனாலும் பித்தளையை விட ரெட்டிப்பு. அதே கனத்துக்குச் சின்ன மணி போதும், அதுதான் லாபம். மெல்லிய ஓட்டம், முழங்கால் ஆழம்னா பித்தளையே சரி. டங்ஸ்டன் போட்டா அடிக்கல்லில் மாட்டி நாள் போயிடும்.

ஜிக் முள்ளுக்கு (காதுப் பக்கம் தண்டு வளைஞ்ச முள்) வெட்டு வச்ச மணி வேணும். வெட்டு, காது வளைஞ்சு நிக்கிற பக்கம் உட்காரணும். தண்ணியில் முள்முனை மேல்நோக்கி நீந்தும், அதனால அடியில் கொஞ்சம் கம்மியா மாட்டும்.

நிம்ஃப்ல எது முதல்ல கத்துக்கணும்னு கேட்டா ஃபெசன்ட் டெயில். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரிச்ச ஃபிராங்க் சாயர் கட்டின மூல வடிவத்தில் நூலே கிடையாது. ஃபெசன்ட் பறவையோட வால் நாரும் மெல்லிய செப்புக் கம்பியும், அவ்வளவுதான். கம்பியே நூல், கம்பியே பாரம், கம்பியே உடம்பு மேல மின்னற வரி. இன்னைக்குப் பரவலா காணற மயிற்பீலி மார்பு வச்ச அமெரிக்க வடிவம் ஆல் ட்ராத் செஞ்ச மாற்றம். எல்க் ஹேர் கேடிஸை 1957இல் உருவாக்கினவரும் அதே ஆல் ட்ராத்.

சாயர் வழி இப்படி: செப்புக் கம்பியைத் தண்டு முழுக்க ஒரு அடுக்கு, மார்புப் பகுதியில் கூட ஒரு மேடு. நாலு நார் எடுத்து நுனியை வாலா விட்டு வளைவுக்கு மேல கட்டுங்க. நாரையும் கம்பியையும் ஒண்ணாச் சேர்த்து முறுக்கி, கயிறா ஆக்கி, மார்பு வரை சுத்துங்க. அங்க பிரிச்சு, நாரை முன்னால மடக்கிக் கம்பியால கட்டி, பின்னால மடக்கிக் கட்டி, மறுபடி முன்னால. மார்பு மூடி அடுக்கடுக்கா எழும்பும். தலையில் கம்பியை நாலு அரை முடிச்சு.

தப்பு எங்க வரும்னா, முறுக்கறதில். ஃபெசன்ட் வால் நார் நொறுங்கிப் போற வகை. ஆறு ஏழு முறுக்குக்கு மேல போனா பட்டுனு உடையும். சுத்தறதுக்கு முன்னால நாரை ஈர விரலால நனைச்சா கொஞ்சம் தாங்கும்.

கௌதாரி

சுழிநீர் சொன்ன நாலு நாரைக் கவனிங்க. நாலுதான். இந்தப் பேச்சில் எல்லாரும் குறைக்கச் சொல்றாங்க, ஏன்னு யாரும் காட்டலை.

தண்ணிக்கு அடியில் இருக்கிற டிரவுட்டுக்கு மேல்உலகம் ஒரு வட்ட ஜன்னல் வழியாத்தான் தெரியும். நீர் வெளிச்சத்தை மடக்கற கணக்குப்படி அந்தக் கூம்பு 97 பாகை. 30 செ.மீ. ஆழத்தில் நிக்கிற மீனுக்கு ஜன்னல் குறுக்களவு 68 செ.மீ. பக்கம். ஜன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி, அடித்தரையைத்தான் பிரதிபலிக்கும். அந்தக் கண்ணாடியில் ஹாக்கிள் முனைகள் அழுத்தின குழிகள் மட்டும் வெளிச்சப் புள்ளியா முதல்ல தெரியும். உடம்பு, இறக்கை, நிறம் எல்லாம் ஜன்னல் விளிம்புக்கு வந்த பிறகுதான்.

அதனால குழிகளோட அமைப்பைக் கெடுக்கிற எதுவும் வேண்டாம். நெருக்கின ஹாக்கிள் பதினைஞ்சு சுற்று போட்டா கடைக்கண்ணாடிக்கு அழகு, தண்ணியில் ஒரு கறுப்பு மேகம்.

ஈர ஃப்ளைக்கு (தண்ணிக்குள்ள ஓடற வகை) வந்தா இன்னும் கண்டிப்பு. கௌதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டுநூலும்: முள் 14, பட்டுநூல் உடம்பு வளைவு தொடங்கற இடம் வரைக்கும்தான், கௌதாரி இறகு ஒன்றரைச் சுற்று, மிஞ்சினா ரெண்டு. இறகின் அடிப்பஞ்சைப் பறிச்சுட்டு, நுனியைப் பிடிச்சு நார்களைப் பின்னோக்கி நீவி, நுனியில் கட்டி, சுத்தும்போது ஒவ்வொரு நாரும் பின்னால சாயற மாதிரி நீவிக்கிட்டே போகணும். மூணாவது சுற்று போட்டீங்கன்னா நார்கள் ஒண்ணையொண்ணு தாங்கி நிமிர்ந்துடும், ஓட்டத்தில் அசையாது. அசையாத ஈர ஃப்ளையை மீன் ஏறிட்டும் பார்க்காது.

முள்முனை

//பதினைஞ்சு சுற்று போட்டா கடைக்கண்ணாடிக்கு அழகு//

வேகமான, நுரை கட்டின ஓட்டத்தில் அந்த அழகுதான் மிதக்கும். கௌதாரி சார் அமைதியான தண்ணிக்குச் சட்டம் எழுதறார். பாறைக்கு நடுவுல விழுந்து எழுந்து ஓடற தண்ணியில் ஜன்னலும் கிடையாது, குழியும் கிடையாது. அங்க நெருக்கின ஹாக்கிள், ரெண்டு கத்தை முடி, கண்ணுக்குத் தெரியிற வெள்ளை. மீன் யோசிக்க அரை நொடி கூட இல்ல.

கௌதாரி

சரி, ஒத்துக்கறேன். நுரைத் தண்ணிக்கு ஒரு விதி, கண்ணாடித் தண்ணிக்கு ஒரு விதி. பெட்டியில் ரெண்டும் இருக்கட்டும்.

நடுவில் ஒரு வழி பாராசூட். நிமிர்ந்து நிக்கிற இறக்கைக் கம்பத்தைச் சுத்தி ஹாக்கிளைப் படுக்கையா சுத்தறது. ஒவ்வொரு சுற்றும் முந்தினதுக்குக் கீழ வரணும், மேல இல்ல, நாலஞ்சு சுற்று. பலரும் ஹாக்கிள் நுனியைத் தண்டில், காதுக்குப் பின்னால கட்டறாங்க. அப்ப நார் பல சிக்கிக்கும், தலையும் பருக்கும். கம்பத்தோட அடியிலேயே, கம்பத்தைச் சுத்தி முடிச்சு போட்டா ரெண்டு தொல்லையும் இல்ல. கை பழக வைஸில் முள்ளைச் செங்குத்தா திருப்பி வச்சுக்கலாம்.

மயிற்பீலி

என் பேரில் இருக்கிற பொருளைப் பத்திச் சொல்லாம போனா தப்பு. மயில் பீலி இழை பல்லு பட்டா போச்சு, ஒரே இழை அறுந்தா மொத்த உடம்பும் அவிழும். நுனி ரெண்டு சென்டிமீட்டரை வெட்டி எறிங்க, அது நொறுங்கும். மூணு இழையை நூலோட சேர்த்து முறுக்கிக் கயிறாக்கிச் சுத்தினா, ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கும். இல்லன்னா மேல மெல்லிய கம்பியை எதிர்த்திசையில். அதே திசையில் சுத்தினா கம்பி இழைகளுக்கு நடுவுல புதைஞ்சு காணாம போகும், எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ஓடைநுரை

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒண்ணு: நூல் நடுவுல அறுந்தா முழுசும் போச்சா? எனக்கு ஒரு ஃப்ளைக்கு ஒரு தடவையாவது அறுபடுது.

நூற்கண்டு

போகாது. அறுந்த நுனியை உடனே ஹாக்கிள் இடுக்கியால கவ்வித் தொங்க விடுங்க, எடை இழுத்துப் பிடிச்சுக்கும். பாபின் நூலை அதே இடத்தில், அறுந்த நுனி மேல ஏத்தி ஆறு சுற்று போட்டு ஆரம்பிச்சு, ரெண்டு நுனியையும் வெட்டிட்டுத் தொடருங்க.

ஆனா தினமும் அறுந்தா காரணத்தைத் தேடணும். பாபின் குழாயோட வாயில் பிசிறு இருக்கலாம். காது குடையற பஞ்சுக்குச்சியைக் குழாய் வாயில் விட்டுச் சுழற்றினா, பஞ்சு சிக்கினா பிசிறு. பீங்கான் வாய் வச்ச குழாய்க்கு மாறிடுங்க. ரெண்டாவது சந்தேகம் முள்ளோட கூர்முனை. வளைவுப் பக்கம் சுத்தும்போது முனையில் நூல் உரசினா ஒரு இழை அறுபடும், அங்கே அறுபடாது. பத்து சுற்று கழிச்சு இறுக்கும்போதுதான் பட்டுனு போகும். அதனாலதான் காரணம் பிடிபடறதில்ல. மூணாவது, விரல் தோல் சொரசொரப்பு. நகக்கண் ஓரத்தை மெல்லிய அரத்தால தேய்ச்சுட்டு, கொஞ்சம் களிம்பு தடவி, நல்லா காய்ஞ்ச பிறகு உட்காருங்க. களிம்பு ஈரத்தோட டப்பிங்கைத் தொட்டா அது முழுகும் ஃப்ளையாயிடும்.

எதிர்முள்ளை (முனைக்குப் பக்கத்தில் எதிர்ப்புறமா நிக்கிற சின்ன முள்) நசுக்கறதா இருந்தா கட்டுறதுக்கு முன்னாடியே இடுக்கியால நசுக்குங்க. சில முள் அங்கேயே முறியும். வெறும் முள் முறிஞ்சா நஷ்டம் ஒரு முள், கட்டி முடிச்சு முறிஞ்சா இருபது நிமிஷம். வைஸில் மாட்டினதும் காதை நகத்தால சுண்டிப் பாருங்க. டிங்னு ஒலிச்சு பழைய இடத்துக்கு வரணும். வளைஞ்சு நின்னா பதம் கெட்ட முள், தூக்கிப் போடுங்க.

கண்ணாடிக்காரர்

நாற்பது தாண்டினவங்களுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. இந்தப் பித்து ஆயுசுக்கும் விடாது, கண்தான் முதல்ல விடும். 18ஐ விடச் சின்ன முள் கட்டறதை பலர் நிறுத்தறது ஆர்வம் குறைஞ்சு இல்ல, வெளிச்சம் சரியில்லாம.

விளக்கு ரெண்டு வேணும். ஒண்ணு மேல, ஒண்ணு இடப்பக்கம். ஒரே விளக்குன்னா நம்ம விரல் நிழலே முள் மேல விழும். வைஸுக்குப் பின்னால ஒரு சாண் தூரத்தில் வெளிறின நீலம் அல்லது சாம்பல் பச்சை அட்டை, பளபளப்பில்லாதது. வெள்ளை அட்டை கண்ணைக் கூசும், மேஜைச் சாமான் பின்னணியா இருந்தா கண் எதை மையமா வைக்கிறதுன்னு தடுமாறும். படிக்கிற கண்ணாடி உங்க வைஸ் தூரத்துக்கு ஏத்த பவரா இருக்கணும், புத்தக தூரத்துக்கு இல்ல. வைஸ் தாடை மார்பு உயரம் இருந்தா கழுத்து குனியாது.

ஒரே மாதிரி ஒரு டஜன் கட்டுங்க. முதல்ல பன்னிரண்டு முள்ளையும் எதிர்முள் நசுக்கி வரிசையா வைங்க, பன்னிரண்டு முடிக்கத்தையை வாரி ஸ்டாக் பண்ணி வைங்க, ஹாக்கிளை அளந்து அடிப்பஞ்சு பறிச்சு வைங்க. பிறகு கட்டுங்க. முடிச்சதும் வரிசையா குத்தி நிறுத்திப் பார்த்தா, இறக்கை நீளம் எங்க தடம் மாறுச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். ஒண்ணொண்ணா கட்டிப் பெட்டிக்குள்ள போட்டா அது தெரியவே தெரியாது.

இன்னொண்ணு, இறகுப் பெட்டியில் அந்துப்பூச்சி. புதுசா வந்த தோல், இறகு எதையும் மூடின பையில் போட்டு ஃப்ரீசரில் சில நாள் வச்சு, வெளியே எடுத்து, மறுபடி வைங்க. முதல் தடவை தப்பின முட்டை வெளியே பொரிக்கும், ரெண்டாவது தடவையில் போகும். பழைய பொருளோட கலக்கறது அதுக்கப்புறம்தான்.

ஓடைநுரை

ஆறு கட்டிப் பார்த்துட்டேன். முன்பங்கை வெறுமையா விட்டேன், சேவல் இறகு, எண்ணிப் பதினாலு சுற்று. முடி சுழலல. ஆறில் நாலில் காது திறந்திருக்கு. ரெண்டில் வார்னிஷ் அடைச்சிருக்கு.

நூற்கண்டு

வார்னிஷை ஊசியில் தொட்டு எடுத்தா முதல் துளியைப் பாட்டில் விளிம்பில் துடைச்சிடுங்க, ஊசியில் மிச்சமிருக்கிற ஈரமே ஒரு தலைக்குப் போதும். அடைச்ச ரெண்டையும் வீசாதீங்க. ஹாக்கிள் பறிச்ச வெறும் காம்பு மேஜையில் கிடக்குமே, அதைக் காதுக்குள்ள விட்டு இழுங்க, ஈரமா இருக்கும்போதே. காய்ஞ்சிருந்தா பழைய ஃப்ளை முள் ஒண்ணை எடுத்து அதன் முனையால குத்துங்க. கத்தரி முனை வேண்டாம்.

முள்முனை

பதினாலு சுற்றா? ஒண்ணு கூடுது தம்பி.

ஓடைநுரை

அந்த ஒண்ணு உங்களுக்காகப் போட்டது அண்ணா.